அழிச் சட்டமும் கண்ணாடி முகப்பும்

கோயமுத்தூரிலிருந்து வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக்குப் போகிறவரும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாற்றுக்குப் போகிறவரும் ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டுகிறார்களே தவிர, பாஷையின் எல்லையைத் தாண்டுவதில்லை. பாலக்காட்டு அக்கிரகாரத் திண்ணைகளில் பேசப்படுவதும் தமிழ். தேவிகுளம் தாலூகாவின் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவதும் தமிழ். ஒரு தமிழ் காவிரிப் படுகையிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கணவாய் வழியாக நடந்து வந்தது. மற்றொன்று திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் பஞ்ச காலத்தில் கங்காணிமாரின் பின்னால் மலையேறி வந்தது. இவ்விரண்டு பிரதேசங்களின் பழைய வீடுகளையும் பார்த்து வருகிறவர், சுவரையும் கூரையையும் காட்டிலும் ஜன்னல்களே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன என்பதைக் காண்பார். பாலக்காட்டு வீட்டின் ஜன்னல் கண்ணாடியறியாதது. மரத்தில் இழைத்த அழிகளால் வெயிலை அரித்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவது. மூணாற்றுத் துரைமார் பங்களாவின் ஜன்னலோ சுவரை விட்டு மூன்று முகமாக வெளியே பிதுங்கி நின்று, காற்றைத் தடுத்து, கிடைத்த வெளிச்சத்தையெல்லாம் கண்ணாடி வழியாகச் சேகரிப்பது. இப்படி நேர் விரோதமான இரண்டு சாதனங்களும் இன்று ஒரே அலுமினியச் சட்டத்துக்கும், ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் இடம் விட்டு விலகி வருகின்றன.

பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது இக்காலத்து விபரீதம் என்று எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்களுடன் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மரத்தால் செய்த எந்த ஜன்னலும் மாற்றப்பட்டே வந்திருக்கிறது. எதை, எவ்வளவு, எந்த மரத்தால் மாற்றினார்கள் என்பதிலேதான் காலத்துக்குக் காலம் பேதம். அந்தப் பேதமோ, பெரும்பாலும் அந்த மரமும் கண்ணாடியும் எந்தப் பாதை வழியாக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தன என்பதைப் பொறுத்ததாகவே இருந்திருக்கிறது.

பாலக்காட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஏற்பட்ட இடைவெளியின் வாயிலில் அமைந்திருப்பதால், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மழைக்காற்றும், கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றும் அந்நகரத்தின் தெருக்கள் வழியாகவே போய்வருகின்றன. கோடையிலோ நாற்பது டிகிரியைத் தொடும் உஷ்ணம். தொண்ணூற்றாறு கிராமங்கள் என்று பழக்கத்தில் எண்ணிச் சொல்லப்படும் அவ்வட்டாரத்து அக்கிரகாரங்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச் சுவராக, தெருவின் இரு சிறகிலும் வரிசையாக நிற்கின்றன. பக்கச் சுவரில் ஜன்னல் வைப்பதற்கு இடமே கிடையாது. தெருவைப் பார்த்த முகப்பு ஒன்று, கொல்லையைப் பார்த்த புறம் ஒன்று, நடுவே ஆகாயத்தைப் பார்த்த முற்றம் ஒன்று என்று மூன்று வழிகளில்தான் வெளிச்சமும் காற்றும் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி என்று நீளும் அந்தக் குறுகிய கிருகத்தின் சுவாசம் முழுவதும் முன்னாலும் பின்னாலும் உள்ள சில மரச்சட்டங்களைப் பொறுத்திருந்தது.

அந்த முகப்புக்கு வேறொரு உத்தியோகமும் உண்டு. நிளா நதியின் உபநதியாகிய கல்பாத்திப் புழையின் கரையில், சேகரிபுரத்து லக்ஷ்மியம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து கொணர்ந்த லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்வித்து, 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்ததாகவும், அது 1425-ஆம் வருஷத்தில் நடந்ததாகவும் கர்ணபரம்பரை சொல்கிறது. அந்த விசுவநாத ஸ்வாமியின் ரதோற்சவம் ஐப்பசிக் கடைசியில் நடக்கும்போது, தேர் வருவது இந்த வீடுகளின் வாசல் வழியாகத்தான். மச்சின் முகப்பிலுள்ள அழிகளின் பின்னால் நின்று, தெருவில் இறங்காமலே தேரைத் தரிசிப்பது வீட்டுப் பெண்களுக்கு வழக்கமாயிருந்தது. வெளியிலிருப்பவர் கண்ணுக்கு உள்ளே இருள்; உள்ளிருப்பவர் கண்ணுக்கு வெளியே பிரகாசம். இந்த ஏற்பாட்டைக் கண்ணாடியால் செய்ய முடியாது.

தேர் பார்ப்பதற்காகவே முகப்பைத் தெருவின்மீது நீட்டிக் கட்டிய உதாரணத்தைப் பார்க்க விரும்புகிறவர் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகவேண்டும். திருவிதாங்கூர் ராஜாக்கள் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொள்வதற்கு முன் வாசம் செய்த அந்த மரமாளிகையில், யானையின் முதுகில் வைக்கும் அம்பாரியைப் போன்ற உருவத்தில் மாடியிலிருந்து வெளியே பிதுங்கும் ஒரு சாளர முகப்பு இருக்கிறது. அதற்கு அம்பாரி முகப்பு என்றே பெயர். உற்சவ ஊர்வலத்தை அரசர் அதில் அமர்ந்து பார்ப்பார். அதே அரண்மனையில் வேறு சில சாளரங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அப்பிரகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஐரோப்பியர் கொணர்ந்த புதுமையென்று பலர் நினைக்கும் முன்தள்ளிய ஜன்னலுக்கு இந்நாட்டுத் தச்சர் தாமே ஓர் உருவம் கண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இடையில் ஒன்று சொல்ல ஆசை: தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசாங்கம், கேரள மண்ணில் நிற்கும் கல்பாத்தியில் வாழ்வது தமிழ்க் குடும்பங்கள். எல்லைக் கோடு போட்ட உத்தியோகஸ்தர்களுக்கு வீடுகளைப் பற்றிய கவலை இருந்திருக்க நியாயமில்லை.

மலையாள தேசத்துத் தச்சனுக்கு அளவு கோல்தான். ஒரு கோல் இருபத்துநான்கு விரல். இக்காலத்துக் கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸது இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை முதலிய நூல்களை ஆசாரிமார் ஓதாமலே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். வீட்டின் சுற்றளவு இத்தனை கோல் என்று நிர்ணயமானால், வாசலின் உயரமும் ஜன்னலின் அகலமும் தாமே அதிலிருந்து பிறக்கும். பெருந்தச்சனைப் பற்றிய கதைகள் பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இன்றும் வழங்குகின்றன; வரருசியின் பன்னிரண்டு மக்களில் ஒருவனாகிய அவன், தன்னை மிஞ்சிய மகனின் கழுத்தில் கைதவறியோ வேண்டுமென்றோ உளியைப் போட்ட கதையைக் கேட்காமல் அப்பகுதியில் ஒரு ஆசாரியின் பிள்ளை வளர முடியாது.

அந்தத் தச்சன் செய்த ஜன்னலில் இரும்பு ஆணி அருமை. மேல்சட்டம், கீழ்ச்சட்டம், இரண்டு நிற்கும் சட்டங்கள்; துளையும் கழுந்தும் பொருத்தி, பொருத்தின் குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கினால் முடிந்தது. அழிகள் சட்டத்தின் துளைகளில் செருகி நிற்பவை. ஒன்று உளுத்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். கீல் இல்லாத கதவுகளோ, மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுழல்பவை. இந்த அமைப்பின் முழு ரகசியமும் அவிழ்த்துப் பிரிக்க முடிவதில் இருந்தது. மழைச் சாரல் வந்து தங்குவது கீழ்ச்சட்டத்தில்; ஆகையால் கீழ்ச்சட்டம் முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை போகும், மேல்சட்டம் நூறு வருஷம் இருக்கும். ஆசாரி வந்து இற்றுப்போன பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே ஜாதி மரத்தில் வைரம் பாய்ந்த துண்டை ஒட்டுப் போட்டுவிட்டுப் போவான். நான்கு தலைமுறைக்குப் பிறகு அந்த ஜன்னலில் ஆதியிலிருந்த மரம் பாதிகூட இருக்காது; ஆனால் வீட்டார் அதைத் தாத்தா வைத்த ஜன்னல் என்றே சொல்லுவார்கள், அதில் பொய்யும் இல்லை.

மரம் எங்கிருந்து வந்தது? கூரையின் கைமரங்களுக்குப் பாலக்காட்டின் சொந்தமான கரும்பனையே போதுமானதாக இருந்தது. வசதியுள்ளவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் தேக்கைத் தேடினார்கள். மற்றவர் பலா, ஆயினி, இருள், மருது என்று கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள். தேக்கோ சாதாரண ஜனங்களின் பொருளாக இருந்த காலம் குறைவு. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அது ராஜகீய விருட்சம். குடியானவன் நிலத்தில் முளைத்தாலும் அரசனுடையது. மலபாரில் கும்பினியார் 1806-ஆம் வருஷம் காப்டன் வாட்ஸன் என்பவரை வனங்களின் பாதுகாவலராக நியமித்து, கப்பல் கட்டுவதற்காகத் தேக்கு முழுவதையும் தம் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். மரவியாபாரிகளும் நிலச்சொந்தக்காரரும் ஓயாமல் முறையிட்டதன்பேரில், சென்னை கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1820-களின் ஆரம்பத்தில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். எடுத்தபின் வெட்டு மிதமிஞ்சிப் போயிற்று. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனவனின் உதவியுடன் நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்கும் தோட்டத்தைத் தொடங்கியதற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம். நிலம்பூர்த் தடிகள் சாலியாற்றில் தெப்பமாக மிதந்து கோழிக்கோட்டுக் கல்லாயியில் கரையேறின. 1862-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து பேப்பூர் வரையில் ரெயில்பாதை முழுவதும் திறக்கப்பட்ட பிறகு, கடற்கரையில் அறுத்த மரத்துக்குப் பாலக்காட்டை எட்டுவது சில மணிநேரப் பிரயாணமாகிவிட்டது.

தெற்கே பரம்பிக்குளத்துக் காட்டிலும் தேக்குக்குப் பஞ்சமில்லை. கன்னிமாரா என்று பெயர் சூட்டி வணங்கப்படும் ஒரு தேக்கு இன்றைக்கும் அங்கே நிற்கிறது. வயது நானூற்றைம்பதுக்குக் குறையாது என்பார்கள். வெட்ட முயன்றபோது ரத்தம் கசிந்ததென்று கதை. அக்காட்டின் தடிகளைச் சாலக்குடிக்குக் கொண்டுவருவதற்காகக் கொச்சி சமஸ்தானத்தார் சுமார் எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த டிராம்வே 1907-ஆம் வருஷம் முதல் ஓடி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மூடப்பட்டது. பரம்பிக்குளம் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், இன்று வண்டியில் அங்கே போகிறவர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். டாப்ஸ்லிப்பின் பெயரே, வெட்டிய தடிகளை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி மலைநாட்டுக் கண்ணாடி முகப்பின் பூர்வோத்தரம். இங்கிலாந்தில் வீட்டு ஜன்னல் அரசாங்கத்தின் கண்ணில் பட்டு மிகவும் கஷ்டப்பட்டிருக்கிறது. 1696-ஆம் வருஷம் தொடங்கி 1851 வரையில் ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி. கண்ணாடிக்கும் தனியே வரி இருந்து 1845-ல் ரத்தாயிற்று. 1774-ஆம் வருஷத்து லண்டன் கட்டடச் சட்டமோ, தீ பரவுமென்ற பயத்தால், ஜன்னல்கள் தெருப்பக்கம் அதிகமாகப் பிதுங்குவதைக் கட்டுப்படுத்திற்று. தடைகள் ஒவ்வொன்றாக விலகியதும், அடக்கிவைத்த ஆசை பொங்கியதுபோல, விக்டோரியா ராணியின் காலத்து மத்தியவகுப்பு வீடுகளில் மும்முக ஜன்னல் இல்லாத வீடே இல்லையென்னும்படி பெருகிற்று. சூரியன் தாழ்ந்து தென்வானத்தில் ஊரும் அந்த தேசத்தில், சுவரோடு ஒட்டிய ஜன்னலைவிட மூன்று பக்கமும் திரும்பி நிற்கும் ஜன்னலுக்கு வெளிச்சம் அதிக நேரம் கிடைக்கும். அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம் தேயிலை போடுவதற்கு நம் மலைகளுக்கு வந்தார்கள்.

1877-ஆம் வருஷம் ஜூலை மாதம் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய ஜான் டேனியல் மன்றோவும், 1880-ல் பார்வதி எஸ்டேட்டில் முதல் தேயிலையை நட்ட ஷார்ப்பும் வந்த காலத்தில் கண்ணாடிக்கு அங்கே வேலை இருந்திராது. புல்லும் மண்ணும் கொண்டு கட்டிய குடிசைகளே அவர்கள் வாசஸ்தலம். 1897-ல் கண்ணன்தேவன் மலை விளைபொருள் கம்பெனி பதிவாகி, ஃபின்லே கம்பெனியின் மூலதனம் வந்து சேர்ந்த பிறகுதான் தகரக்கூரையும் கருங்கல் சுவரும் புகைபோக்கியும் முன்தள்ளிய ஜன்னலுமாகப் பங்களாக்கள் எழும்பின. கடல்மட்டத்திற்கு ஐயாயிரம் அடிக்கு மேல் தேக்கு தானாக முளைப்பதில்லை. சோலைக்காட்டு மரங்கள் கோணலும் முறுக்கும் மிகுந்தவை. ஆகவே நல்ல மரமும் சரி, கண்ணாடியும் சரி, கீழிருந்து ஏறியே வரவேண்டும். ஏறுகிற வழியோ கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கத்தில். போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடிக்கு வண்டியில். அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைச்சரிவின் மேலே கம்பிக்கயிற்றில் தொங்கிக்கொண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாற்றுக்கு 1902-ல் அமைத்த ஒற்றைத் தண்டவாளத்தில், 1908-க்குப் பிறகு இரண்டடி அகலச் சிறு ரெயிலில். இத்தனை கைமாறி வரும் சரக்கில் கண்ணாடியைச் சேர்ப்பதென்றால் சிறு சிறு துண்டாக வருவதே விவேகம். அப்பங்களாக்களின் ஜன்னல் கதவுகள் பல சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது அழகுக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. ஒரு கட்டம் உடைந்தால் ஒரு சின்னக் கண்ணாடி போதும், அடுத்த பருவம் வரையில் காத்திருக்க வேண்டாம்.

மும்முக ஜன்னல் சுவரில் பொருத்திய வெறும் சட்டமல்ல. அது ஒரு சின்ன அறை. மூலைக்கு மூலை நிற்கும் கனமான கால்கள் தம் மேலுள்ள சிறு கூரையைத் தாங்குவதோடு, அறையின் அகன்ற திறப்பின் குறுக்கே படுத்திருக்கும் உத்திரத்துக்கும் பல வீடுகளில் ஒத்தாசை செய்கின்றன. உட்காரும் பலகையின் கீழே உளுத்தாலும் மேலே வண்ணம் பளபளக்கும்; அதனால் கேடு வெளியே தெரிவதற்கு வெகுகாலம் பிடிக்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சணம் குடியேறும். மூணாற்றின் மழைக்காலமோ மாதக்கணக்கில் நீடிப்பது. மழையில்லாத வேளையில் மஞ்சு. இதை அறிந்த பழைய தச்சர்கள் கீழ்ச்சட்டத்தின் மேற்பரப்பை வெளிப்புறம் சாய்த்து இழைத்தார்கள். அதன் அடியில் ஒரு வரி பள்ளம் வெட்டி, சுவருக்குள் ஊர்ந்து போகப் பார்க்கும் நீரை அங்கேயே சொட்ட வைத்தார்கள். கண்ணாடியைச் சுண்ணாம்புக்கல் தூளும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்த மக்கினால் பதித்தார்கள். மக்கு காய்ந்து வெடித்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவது எஸ்டேட் ஆசாரியின் வருஷாந்தர வேலை. கோலை மறந்து அடியும் அங்குலமும் பழகிக்கொண்ட அந்த ஆசாரி, துரையின் படத்தைப் பார்த்து ஜன்னல் செய்தாலும் பொருத்து வைத்ததென்னவோ தன் பாட்டன் வழியில்தான். உருப்படியைப் பிரிக்க முடியாமல் செய்வது அவனுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் மற்றொரு ஜன்னலையும் பார்த்துவிட வேண்டும். பெரியதுரையின் பங்களாவில் ஒரு முகப்புக்குச் செலவான கண்ணாடியைப் போட்டிருந்தால், தொழிலாளர் லயத்தில் எத்தனையோ அறைகள் வெளிச்சம் பெற்றிருக்கும். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு தாழ்வாரம். வெளிச்சத்துக்கென்று ஒரு சிறு பலகைக் கதவு, குளிருக்குப் பயந்து அதையும் அடைத்தே வைத்திருப்பார்கள். தோட்டச் சரிவையும் தொழிற்சாலையையும் ஒருசேரப் பார்க்கும்படி மேட்டில் அமைந்த பங்களாவின் மும்முக ஜன்னல், இயற்கையை ரசிப்பதற்கு எவ்வளவு உதவியதோ அவ்வளவு மேற்பார்வைக்கும் உதவிற்று. அந்த மரவேலையின் நேர்த்தியைப் புகழ்ந்து எழுதும் நம் காலத்து ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

1924-ஆம் வருஷத்து ஜூலை மழையில், மலையாள வருஷம் 1099 ஆனதால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று வழங்கும் பிரளயத்தில், சிறு ரெயில் அடையாளமின்றிப் போயிற்று, திரும்பக் கட்டவேயில்லை. 1931-ல் ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை திறந்ததும் மேற்குக் கடற்கரை அருகாயிற்று. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கில் பெரும்பகுதி மேற்கிலிருந்து வரலாயிற்று. அறுத்து இழைத்த மரம் லாரியில் ஏறிற்று.

அதற்குப் பின் நடந்த சம்பவம், இக்கட்டுரைக்காகவே விதி ஏற்பாடு செய்தது போன்றது. மூணாற்றில் பாயும் முதிரப்புழையின் நீரைத் திருப்பிப் பள்ளிவாசலில் வீழ்த்தி, 1940-ஆம் வருஷம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் மின்சாரம் எடுத்தார்கள். அவ்வளவு மின்சாரத்தை விளக்கெரித்துத் தீர்க்க முடியாது, தொழில் வேண்டும். 1943-ல் களமசேரிக்கருகே அலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனியார் ஓர் உருக்காலையைத் திறந்தார்கள். இந்தியாவில் அலுமினியம் உருக்கிய முதல் ஆலை அது. அதற்கு உயிர் கொடுத்தது பள்ளிவாசல் மின்சாரம். எந்த மலையின் மழை அந்தப் பங்களாக்களின் மரச்சட்டங்களை உளுக்க வைத்ததோ, அதே மழையின் பலத்தால், அச்சட்டங்களுக்கு எதிரியாக வரப்போகும் உலோகம் இந்நாட்டில் முதன்முதலாக வார்க்கப்பட்டது.

ஆயினும் அலுமினியம் ஜன்னலாக மலையேறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. அதுவரையில் காடுகளில் மரம் இருந்தது. மௌனப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பதைப் பற்றிய பெரும் விவாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் நடந்து, 1984-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, இயற்கைக் காட்டை வெட்டுவதில் அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் இருந்த மனோபாவமே மாறிற்று. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு தேசம் முழுவதும் வனங்களில் கோடரியின் கையைக் கட்டிற்று. காட்டுக்கு அது நன்மையே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயினியும் இருளும் மருதும் சந்தையில் அருகி, மலேசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த, பெயரே வாயில் நுழையாத மரங்கள் பட்டறைகளை நிரப்பின. சீக்கிரம் வளர்த்து சீக்கிரம் வெட்டிய மரத்தில் வெளிறு அதிகம். வெளிறில் செய்த ஜன்னல் பத்து வருஷத்தில் செல்லரித்தால், மரமே உதவாது என்று வீட்டுக்காரர் முடிவு கட்டுவதில் ஆச்சரியம் என்ன? பாட்டன் வைத்த வைரத்தின் கீர்த்திக்கு, பேரன் வாங்கிய வெளிறு களங்கம் கொண்டுவந்தது.

மாற்றுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். வீட்டிலிருக்கும் வயோதிகர்கள் ஆசாரிக்குச் சொல்லியனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க இயலாது. கொசுவலை பொருத்துவதற்கும், குளிர்சாதனப் பெட்டி வைத்த அறையை அடைப்பதற்கும் அழி ஜன்னல் இடங்கொடாது. பழைய கல்பாத்தியும் புதிய கல்பாத்தியும் மரபுக் கிராமமாக அறிவிக்கப்பட்ட பின்னர், முகப்பைத் தொடுவதற்கு அனுமதி பெறவேண்டியிருக்கிறது; அனுமதி கிடைத்தாலும் அதே விதமான மரத்துக்கும் அதே விதமான கைக்கும் ஆகும் செலவை வீட்டுக்காரர்தாம் ஏற்கவேண்டும். தெருவின் அழகு பொதுச்சொத்தென்றால் அதன் பராமரிப்புச் செலவும் ஓரளவு பொதுவாக இருப்பதல்லவா நீதி?

என் வழக்கெல்லாம் மாற்றும் முறையைப் பற்றியது. ஒரே நாளில் வேலை முடியுமென்று வாக்களிக்கும் அலுமினிய வேலைக்காரர்கள், மும்முக ஜன்னலை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டு, வெட்டவெளியான திறப்பில் தயாராகக் கொண்டுவந்த சட்டத்தைச் செருகிப் பசையால் அடைத்துவிடுகிறார்கள். மூலைக்கால்கள் தாங்கிக்கொண்டிருந்த பாரம் எங்கே போகும் என்று கேட்பார் இல்லை. மெல்லிய அலுமினியக் குழாய் கண்ணாடியைத் தாங்குமே ஒழியக் கூரையைத் தாங்காது. சில மழைக்காலத்துக்குப் பிறகு உத்திரம் நடுவில் தொய்ந்து, கதவு இழுபட்டு, முகப்புக் கூரைக்கும் சுவருக்கும் இடையே விரிசல் விட்டு மழை இறங்கும்போது, பழைய வீடென்றால் இப்படித்தான் என்று பழி வீட்டின் தலையில் விழுகிறது. முட்டுக்கொடுத்து உத்திரத்தின் பாரத்தை முதலில் இறக்கிவிட்டு, இற்றுப்போன கீழ்ச்சட்டத்தை மாத்திரம் மாற்றி, கால்களின் அடியில் ஒரு முழம் ஒட்டுப் போட்டால் தீர்ந்திருக்கக் கூடிய காரியம் அது. இதைவிடச் சோகமான வேடிக்கை, கழற்றி எறிந்ததாக வீட்டார் நினைக்கும் பழைய சட்டங்கள் எறியப்படுவதில்லை என்பது. அவை மட்டாஞ்சேரியிலும் காரைக்குடியிலும் உள்ள பழம்பொருள் கடைகளில் மெருகேறி, விடுதிகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் நல்ல விலைக்குப் போகின்றன. உதகமண்டலத்து ஸ்டீபன் கோயிலைக் கட்டியவர்கள் 1830-ஐ ஒட்டி ஶ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மஹாலைப் பிரித்து, அதன் தேக்கு உத்திரங்களை மலைமேல் ஏற்றிக்கொண்டார்கள். பழைய தேக்கின் மதிப்பை வாங்குகிறவன் எக்காலத்திலும் அறிந்தே இருந்திருக்கிறான்.

மரம் இல்லையென்ற சமாதானமும் முழு உண்மையன்று. நிலம்பூரில் அருவாக்கோட்டிலும் நெடுங்கயத்திலும் வனத்துறையின் கிடங்குகளில், கனோலி வழியில் நட்டு வளர்த்த தேக்குத் தடிகள் ஏலத்துக்கு வருகின்றன; புதிதாக வீடு கட்டுகிறவர் அனுமதிப் பத்திரத்தைக் காட்டிச் சில்லறையாக வாங்குவதற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் தடி தடியாக விற்கும் கிடங்கில், ஒரு கீழ்ச்சட்டத்துக்கு நான்கடியும் இரண்டு ஒட்டுக்கு ஒரு முழமும் வேண்டியவர் போய் நிற்க முடியுமா? அவருக்குத் தெரிந்த வழி, இடித்த வீட்டு மரங்களைக் குவித்து விற்கும் கடைகளில் புகுந்து, நிறமும் நரம்பும் ஒத்த ஒரு பழைய நிலையைத் தேடிப்பிடித்து, அதை அறுத்துக்கொள்வதுதான். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் இன்னமும் அழி செருகத் தெரிந்த சில ஆசாரிமார் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஒரு வீட்டின் வாசல் நிலை மற்றொரு வீட்டின் ஜன்னலுக்குக் கீழ்ச்சட்டமாகிறது, மீந்த துண்டைப் பட்டறை மூலையில் சாத்தி வைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டியால் அதன் நீளத்தை எழுதிவிடுகிறார்கள்.